ஈனிட் லார்ட்டர் போட்ட மூன்று அடுக்கு

ஈனிட் லார்ட்டர் எங்கள் கார் கட்டும் கொட்டகைக்கு வேலைக்கு வந்தது 1959 பிப்ரவரியில். அதற்கு முன் ஒன்பது வருடம் வான்கோழிப் பண்ணையில் இறகு பிடுங்கிக் குடல் உருவிக்கொண்டிருந்தாள். வந்த முதல் நாள் பிசின் வாளியின் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டு, "ஐய, இது வேற மாதிரி நாத்தம். வான்கோழியாவது கிறிஸ்துமஸ் முடிஞ்சா விட்டுடும், இது வருஷம் பூரா நாறும்போல" என்றாள். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என் பெயர் லெஸ் அட்டிங். வண்டிகளுக்கு முன்சக்கரத் தாங்கிகளையும் ஸ்டியரிங்கையும் பூட்டுவது என் வேலை. அவளைப் பற்றி எழுத எனக்குத் தகுதி இல்லை என்பது போகப்போகத் தெரியும். வேறு யாரும் ஒழுங்காக எழுதமாட்டார்கள் என்பதால் எழுதுகிறேன்.

கொட்டகை இங்கிலாந்தின் நார்ஃபோக் மாவட்டத்தில், தாக்ஸ்பி ஊருக்கு வெளியே, போர்க்காலத்தில் குண்டுவீச்சு விமானங்கள் கிளம்பிய ஓடுதளத்தின் ஓரத்தில் இருந்தது. போர் முடிந்ததும் அந்தத் தளங்களை யாரும் சீந்தவில்லை. நல்ல இரும்பெல்லாம் ஏற்றுமதிக்குப் போயிற்று. விமானப்படையிலிருந்து வீடு திரும்பிய இளைஞர்களுக்கோ கை சும்மா இருக்கவில்லை. பழைய ஆஸ்டின் செவன் கார் ஒன்றைப் பிடித்து, மேலுடம்பைப் பிய்த்தெறிந்து, அலுமினியத் தகட்டைச் சுற்றி, ஞாயிற்றுக்கிழமைகளில் ஓடுதளத்தில் ஓட்டிப் பார்ப்பார்கள். பெரிய எஞ்சின் வாங்க வக்கில்லை. அதனால் வண்டியின் எடையைக் குறைத்தார்கள். வக்கில்லாமல் செய்ததைப் பிறகு கொள்கை என்று சொல்லிக்கொண்டார்கள். ஃபைபர்கிளாஸ் என்கிற கண்ணாடியிழை வந்தபின் இன்னும் வசதி. ஒரு வார்ப்பு அச்சும் பிசின் வாளியும் தூரிகையும் இருந்தால் பன்றிக் கொட்டகையில்கூடக் கார் செய்யலாம். முழு வண்டியாக விற்றால் வரி; பாகங்களாக விற்று, வாங்குகிறவனையே பூட்டிக்கொள்ளச் சொன்னால் வரி இல்லை. அந்தக் காலத்தில் இங்கிலாந்தில் எந்த மாவட்டத்துக்குப் போனாலும் இப்படி ஒரு மேதை உட்கார்ந்திருப்பான்.

எங்கள் மேதையின் பெயர் பியர்ஸ் கேதர்கோல். நிலபுலன் உள்ள குடும்பம். அவர் அப்பாதான் ஊருக்கு மிஸ்டர் கேதர்கோல் என்பதால் இவரை மிஸ்டர் பியர்ஸ் என்போம். மீன்பிடிக்கப் போகிறவர்கள் மீனை மாட்டி நிறுக்கும் சின்னத் தராசு ஒன்று எப்போதும் அவர் கோட்டுப் பையில் இருக்கும். கதவின் கைப்பிடியை அதில் மாட்டி நிறுப்பார், முகத்தைச் சுளிப்பார், மறுவாரம் கைப்பிடி இருந்த இடத்தில் ஒரு தோல்வார் தொங்கும். கண்ணாடி ஏற்றும் பிடி போயிற்று. ஹீட்டர் போயிற்று. உபரிச் சக்கரமும் போயிற்று. "எடைதான் ஒரே பாவம். மத்த எல்லாத்தையும் கடவுள் மன்னிச்சுடுவார்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். கழுத்தில் பட்டுத்துணி சுற்றிய கனவான்கள் அதைக் கேட்டுப் புல்லரித்துப்போவார்கள். பிசின் நெடி தாங்காமல் மூக்கைப் பொத்திக்கொண்டு, ஈனிட்டும் மற்ற பெண்களும் வேலை செய்யும் பகுதியை வேகமாகத் தாண்டிப் போவார்கள். வண்டிக்கு டன்லின் என்று பெயர்; நாங்கள் அதை முழு வண்டியாகவே பூட்டி விற்றோம். கடற்கரைச் சேற்றில் ஓடித் திரியும் ஒரு சின்னப் பறவை அது.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த வண்டி அழகாக ஓடியது. அரை டன்கூட இருக்காது. கையை வெளியே தொங்கவிட்டால் தார் தட்டுப்படும் அளவுக்குத் தாழ்வாக உட்கார்ந்திருப்போம். வளைவில் திரும்ப வேண்டும் என்று மனதில் நினைத்தாலே திரும்பிவிடும். எஞ்சின் என்னவோ யார் வீட்டுக் குடும்பக் காரிலும் இருக்கும் சாதாரண எஞ்சின்தான். ஆனாலும் நீளமான பணக்கார வண்டிகள் வளைவில் பெருமூச்சு விட்டுக்கொண்டு தடுமாறும்போது இது வாலை ஆட்டிவிட்டு முந்திப் போய்விடும். புது வண்டியைச் சோதிக்க ஃபேக்கன்ஹாம் சாலையில் எடுத்துப்போகும்போது நான் தனியாக வாய்விட்டுச் சிரித்திருக்கிறேன். அப்படிச் சிரித்த வாயை இப்போது நினைத்தால் காறித் துப்பலாம் போலிருக்கிறது.

அந்த வண்டியின் உடம்பைச் செய்தது ஈனிட்டின் கை. அச்சுக்கு மெழுகு தேய்த்து, சாயப்பூச்சு பூசி, அது இறுகும் நேரம் பார்த்துக் கண்ணாடியிழைப் பாயைக் கிழித்துப் போட்டு, பிசினைத் தூரிகையால் குத்திக் குத்தி ஊறவைத்து, உருளையை ஓட்டிக் காற்றுக் குமிழிகளை வெளியேற்ற வேண்டும். கையுறை கொடுக்கவில்லை. கண்ணாடித் தூசி அவள் முன்னங்கைகளில் ஏறி, சிவந்து தடித்து, சொறியச் சொறிய நீர் வடியும். சர்க்கரையும் துணிசோப்பும் போட்டுத் தேய்த்தால்தான் பிசின் போகும். மதியம் ரொட்டியைப் பிரித்தால் அதிலும் அதே நெடி. அவள் கணவன் வால்டர் ரயில்வேயில் சிக்னல் போடுகிறவன், நல்ல மனிதன். "உன் பக்கம் திரும்பிப் படுத்தா எனக்குத் தலைவலி வருது" என்று சொல்லிவிட்டு ஆறு வருடம் சுவரைப் பார்த்துப் படுத்தான்.

ஆனால் வேலையில் அவளை மிஞ்ச ஆளில்லை. செய்வது என்ன என்று தெரியாமல் அவள் எதையும் செய்யமாட்டாள். ஒருநாள் முன்சக்கர மூலையைக் காட்டி, "லெஸ், இங்க நீ என்ன மாட்டுவ?" என்று கேட்டாள்.

"சக்கரத்தைத் தாங்குற கையை."

"வண்டி ஒரு பள்ளத்துல விழுந்தா அடி எங்க விழும்?"

"நீ விரல் வெச்சிருக்கியே, அங்கதான்."

அதன்பின் அந்த மூலைக்கு மட்டும் அவள் வேறு யாரையும் விடமாட்டாள். மிஸ்டர் பியர்ஸ் வரைந்த படத்தில் ஐந்து அடுக்கு, நடுவில் ஒரு இரும்புத் தகடு என்று இருந்தது. ஐந்தையும் தானே போட்டு, காய்ந்தபின் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த வேலைக்குப் போவாள்.

1964 இலையுதிர்காலத்தில் வேறொரு மாவட்டத்து மேதையின் கார் எங்களுடையதைவிடப் பதினான்கு பவுண்டு எடை குறைவு என்று ஒரு மோட்டார் பத்திரிகையில் வந்தது. மிஸ்டர் பியர்ஸ் இரண்டு நாள் சாப்பிடவில்லை என்று ஆபீஸில் தட்டச்சு செய்யும் பெரில் கியூபிட் சொன்னாள். மூன்றாம் நாள் தராசோடு ஈனிட்டிடம் வந்தார்.

"ஈனிட், முன்சக்கர மூலைல எத்தனை அடுக்கு போடுறீங்க?"

"அஞ்சு. உங்க படத்துலயும் அஞ்சுதான்."

"இனிமே மூணு. இரும்புத் தகட்டுக்குப் பதிலா மெல்லிசா அலுமினியம்."

ஈனிட் உருளையை வாளியில் போட்டாள். "மூணு தாங்காது, மிஸ்டர் பியர்ஸ்."

"நான் கணக்குப் போட்டுப் பாத்துட்டேன்."

"நான் கட்டைவிரலை வெச்சுப் பாத்துட்டேன். மூணு அடுக்குன்னா காஞ்ச பிறகும் உள்ள போகுது."

அவருக்குக் கோபமே வராது. அதுதான் அவரிடம் எனக்கு இன்றும் அருவருப்பான விஷயம். இனிமையாகச் சிரித்தார். "அது வான்கோழி நெஞ்சை அமுக்கிப் பழகின கட்டைவிரல், ஈனிட். அதை வெச்சு என் காருக்கு ஜோசியம் பாக்காதீங்க."

கொட்டகையே சிரித்தது. நானும்தான்.

அவள் வாயை மூடிக்கொண்டு ஐந்தே போட்டாள். அந்த வண்டியின் கூடு அச்சிலிருந்து வெளியே வந்ததும் அவர் நிறுத்துப் பார்த்துக் கண்டுபிடித்துவிட்டார். மறுபடியும் அதே சிரிப்பு. "மூணு போடுங்க. இல்லேன்னா பண்ணைல உங்க இடம் இன்னும் காலியாத்தான் இருக்கும்."

அவள் மூன்று போட்டாள். அன்று மதியம் ரொட்டியைப் பிரிக்காமலே உட்கார்ந்திருந்தாள். "நாக்குல துரு ஒட்டின மாதிரி இருக்கு, லெஸ்" என்றாள்.

ஆனால் ஒரு காரியம் செய்தாள். ஒவ்வொரு கூட்டிலும் அந்த மூலையின் கடைசி அடுக்குக்கு அடியில் ஒரு மெல்லிய தாள் துண்டை வைத்துப் பிசின் பூசினாள். தாளில் பென்சிலால், "மூன்று அடுக்கு. பி.கே. உத்தரவு. ஈ. லார்ட்டர்" என்று எழுதித் தேதியும் போட்டிருப்பாள். பிசின் இறுகியதும் கண்ணாடிக்குள் இருப்பது போல எழுத்து தெரியும். சக்கரத்துக்குப் பின்னால் தலையை விட்டு டார்ச் அடித்தால்தான் பார்க்க முடியும். மிஸ்டர் பியர்ஸ் எங்கே தலையை விடப்போகிறார்? தலையை விடுகிற ஆள் நான். முப்பத்தொரு கூடுகளில் அந்த எழுத்தை முப்பத்தொரு முறை படித்தேன். அதன் மேலேயே தாங்கியை வைத்துத் திருகினேன்.

1965 மே மாதம் காலின் சேயர் என்ற பல் மருத்துவர், இருபத்தெட்டு வயது, ஹோல்ட் சாலையில் ரயில் பாலத்தின் மேட்டில் ஏறி இறங்கியபோது இடது முன்சக்கரம் மூலையோடு பிய்ந்து தனியாக ஓடியது. வண்டி ஓக் மரத்தில் மோதியது. மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டிய அவசியமே இருக்கவில்லை. வண்டி அவருக்கு வந்து ஏழு வாரம்கூட ஆகவில்லை.

ஊர் கான்ஸ்டபிள் டயரையும் பிரேக்கையும் பார்த்து எழுதிக்கொண்டு போய்விட்டார். மறுநாள் காலை மிஸ்டர் பியர்ஸ் என்னைக் கூப்பிட்டார்.

"லெஸ், பாவம், அந்தப் பையனோட வண்டி கராஜ் வாசல்ல எல்லாரும் பாக்கக் கிடக்கு. அவன் அம்மா அந்தப் பக்கமா வந்தா என்ன ஆகும்? இங்க இழுத்துட்டு வந்துடு. எஞ்சினைக் கழட்டி வெச்சுக்க. மத்ததை எரிச்சுடு."

"இன்னும் விசாரணை முடியலையே, மிஸ்டர் பியர்ஸ்?"

"கான்ஸ்டபிள் பாத்தாச்சுல்ல? நீ நல்ல ஆள், லெஸ். அடுத்த மாசத்துலேர்ந்து உன்னை ஃபோர்மன் ஆக்கலாம்னு இருந்தேன்."

இழுத்து வந்தேன். ஓட்டுநர் இருக்கையில் ஊறிய ரத்தம் இன்னும் முழுசாகக் காயாமல் இருந்தது, அதில் ஈ மொய்த்தது. மூலை மூன்றாகக் கிழிந்திருந்தது. கிழிந்த ஓரத்தில் அந்தத் தாள் துண்டு முழுசாக இருந்தது; ஒரு எழுத்துகூட அழியவில்லை. நின்று படித்தேன். பிறகு ஓடுதளத்தின் கோடியில் வைத்து, பெட்ரோல் ஊற்றிக் கொளுத்தினேன். கண்ணாடியிழை எரிந்தால் கரும்புகை தரையோடு தரையாக ஊரும். பிணவாடை மாதிரி, ஆனால் தித்திப்பாக ஒரு வாடை. தொண்டையில் ஒட்டிக்கொண்டு இரண்டு நாள் போகவில்லை. சாப்பிட்டதையெல்லாம் வாந்தி எடுத்தேன். என் மனைவி ஜுரம் என்று நினைத்தாள்.

ஜூனில், கிராம மண்டபத்தில் சாவு விசாரணை நடந்தது. பொருத்தியவன் என்ற முறையில் என்னைக் கூப்பிட்டார்கள். பைபிளில் கை வைத்தேன். "முன்பக்க அமைப்பில் ஏதாவது குறை கண்டாயா?" என்று அதிகாரி கேட்டார். "இல்லை ஐயா" என்றேன். இரண்டே சொல். அவ்வளவு சுலபமாக வந்தது.

அடுத்து மிஸ்டர் பியர்ஸ். கறுப்பு டை கட்டியிருந்தார். தன் படத்தில் ஐந்து அடுக்கு என்று தெளிவாக இருப்பதாகச் சொல்லி அந்தப் படத்தையும் நீட்டினார். "கையால செய்யற வேலைங்க, ஐயா. ஒரு பெண் ஒரு நாள் அசதில ஒரு அடுக்கு விட்டிருந்தா, அது வெளியேர்ந்து யாருக்கும் தெரியாது. நான் யாரையும் குத்தம் சொல்லலை" என்றார். குரல் லேசாக உடைந்தது. மண்டபத்தில் இரண்டு பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

ஈனிட் பார்வையாளர்களோடு உட்கார்ந்திருந்தாள். எழுந்து நின்றாள். "அசதி இல்லைங்க. மூணு போடுன்னு இவர் சொன்னாரு, நான் போட்டேன். ஒவ்வொண்ணுலயும் எழுதி வெச்சிருக்கேன். இன்னும் முப்பது வண்டி ஓடிக்கிட்டிருக்கு, எதையாவது ஒண்ணைத் திருப்பிப் பாருங்க. லெஸ்ஸைக் கேளுங்க, அவனுக்குத் தெரியும்."

மண்டபம் முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது. நான் தொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதிகாரி மேசையைத் தட்டி, மற்ற வண்டிகள் இந்த விசாரணைக்குச் சம்பந்தமில்லை, உட்கார் என்றார். விபத்து மரணம் என்று தீர்ப்பு. வேலைத்தரத்தில் கூடுதல் கவனம் வேண்டும் என்று ஒரு வரி.

வெளியே வரும்போது செத்தவரின் அம்மா, மிஸஸ் சேயர், ஈனிட்டின் வழியை மறித்தார். ஒற்றை மகனைப் பறிகொடுத்தவர். ஈனிட்டின் தடித்துச் சிவந்த கைகளையே பார்த்தார். "இந்தக் கையா?"

"ஆமாங்க. இந்தக் கைதான்."

"அதை என் கண்ணு முன்னால காட்டாத."

ஈனிட் இரண்டு கைகளையும் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டாள். மறுநாள் அவளை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். அதே வாரம் மூலைக்கு மறுபடியும் ஐந்து அடுக்கும் இரும்புத் தகடும் வந்துவிட்டன. விளம்பரத்தில் போட்டிருந்த எடை மட்டும் மாறவில்லை. நான் ஃபோர்மன் ஆனேன்.

ஓடிக்கொண்டிருந்த முப்பது வண்டிகளை என்ன செய்வது? ஈனிட்டுக்கு அந்தக் கேள்வி ஒன்றுதான். பெரில் கியூபிட் ஆபீஸ் கோப்பிலிருந்து முப்பது பேரின் முகவரியையும் அடித்து, ரொட்டிப் பொட்டலம் போல மடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தாள். அந்தக் கொட்டகையில் முதுகெலும்பு இருந்தது அவளுக்கு மட்டும்தான். ஈனிட் முப்பது கடிதம் எழுதினாள். இடது முன்சக்கரத்துக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பாருங்கள், என் எழுத்து தெரியும், தெரிந்தால் ஓட்டாதீர்கள், இங்கே கொண்டுவந்தால் நானே சரிசெய்து தருகிறேன், எதுவும் தர வேண்டாம்.

வந்த பதில்களை அவள் ஒரு பிஸ்கட் டப்பாவில் வைத்திருந்தாள். பிற்பாடு நானும் படித்தேன். "அம்மையாரே, எடை குறைவு என்பதற்காகவே நான் இந்த வண்டியை வாங்கினேன்" என்று ஒரு வக்கீல். வேலையிலிருந்து துரத்தப்பட்டவளின் வயிற்றெரிச்சல் என்று ஒருவர். அபாயம் இல்லாவிட்டால் அது என்ன ஸ்போர்ட்ஸ் கார் என்று ஒரு ராணுவக் கேப்டன். ஒரு மகானுபாவர் கடிதத்தில் இருந்த எழுத்துப் பிழைகளைச் சிவப்பு மையால் திருத்தித் திருப்பி அனுப்பியிருந்தார்.

ஏழு பேர் வந்தார்கள். வால்டர் நிலக்கரி வைத்திருந்த கொட்டிலைக் காலி செய்து கொடுத்தான். ஈனிட் அந்த மூலைகளை மேலாகச் சுரண்டி, இரும்புத் தகடு வைத்து, இன்னும் இரண்டு அடுக்கு போட்டு அனுப்பினாள். பிசினைப் படகு கட்டுகிறவர்களிடம் தானே வாங்கினாள். ஊர் அவளோடு பேசவில்லை. கேதர்கோல் கொட்டகை மூடினால் நாற்பது குடும்பம் என்ன செய்யும் என்ற பயம். கசாப்புக் கடையில் அவள் வரிசையில் நின்றால் பின்னால் நின்றவர்கள் ஒதுங்குவார்கள். தேவாலயத்தில் அவள் உட்கார்ந்த பலகை காலியாக இருக்கும். அடுத்த பலகையில் நான் என் குடும்பத்தோடு உட்கார்ந்து பாட்டுப் பாடுவேன். கடைசியில் அவள் பட்டாணி டப்பியில் அடைக்கும் ஆலைக்கு வேலைக்குப் போனாள்.

மிஸ்டர் பியர்ஸுக்கு ஒன்றும் ஆகவில்லை. 1968-இல் அலுத்துப்போய் அச்சுகளை விற்றுவிட்டு ஆப்பிள் தோட்டம் போட்டார். படுக்கையில், தூக்கத்தில் செத்தார். கொட்டகைச் சுவரில் அவர் பெயருக்கு ஒரு வட்டப் பலகை பதித்திருக்கிறார்கள்.

இனிமேல்தான் அசிங்கமான பகுதி. இருபது வருடம் கழித்து டன்லின் கார்களுக்குக் கிராக்கி வந்தது. உடைமையாளர் சங்கம் ஒன்று முளைத்தது. எல்லா டன்லினிலும் மிக மேலானவை "மூன்றடுக்கு" வண்டிகள் என்று ஆகிவிட்டது. முப்பத்தொன்றுதான் செய்தார்கள், அவற்றைப்போல எடை குறைந்தவை இல்லை. ஈனிட்டின் பென்சில் எழுத்து இருந்தால் அசல் என்று அர்த்தம். எச்சரிக்கைக்காக அவள் எழுதி வைத்ததை ஆட்கள் மண்டியிட்டு, டார்ச் அடித்து, சாமி கும்பிடுகிற முகத்தோடு பார்த்தார்கள். அவள் பலப்படுத்திய ஏழு வண்டிகளைக் "கெட்டுப்போனவை" என்றார்கள்.

1991 ஆகஸ்டில் பழைய ஓடுதளத்தில் சங்கத்தின் கூட்டம் நடந்தது. ஈனிட்டைக் கௌரவ விருந்தாளியாக அழைத்தார்கள். அவளுக்கு எழுபது வயது, வால்டர் போய்விட்டிருந்தான். அவள் ஏன் சம்மதித்தாள் என்று எனக்குப் புரியவில்லை. பேருந்து இல்லாததால் என் வேனில் கூட்டிப்போகும்படி சங்கத்தார் என்னிடம் சொன்னார்கள்.

புல்தரையில் இருபது டன்லின்கள் மெருகு போட்டு நின்றன. மடக்கு நாற்காலிகள், வெள்ளரிக்காய் வைத்த ரொட்டித் துண்டுகள், தேநீர். நெவில் ஹாஸ்கார்ட் என்ற ஓய்வுபெற்ற இன்சூரன்ஸ்காரர் ஈனிட்டின் கையைப் பிடித்துத் தன் வண்டியிடம் இழுத்துப்போனார்.

"மிஸஸ் லார்ட்டர், இது நீங்க கெட்டியாக்கின ஏழுல ஒண்ணு. கவலைப்படாதீங்க, நான் பழையபடி ஆக்கிட்டேன்! மூணு மாசம் உக்காந்து உங்க ரெண்டு அடுக்கையும் தகட்டையும் தேச்சு எடுத்தேன். உங்க கையெழுத்து மறுபடியும் பளிச்சுனு தெரியுது. குனிஞ்சு பாருங்களேன்."

ஈனிட் குனியவில்லை. சக்கரத்துக்குப் பின்னால் கையை விட்டு, கட்டைவிரலால் அமுக்கினாள். கையை வெளியே எடுத்துப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள்.

"பக்கத்து சீட்டுல யாரு வருவாங்க?"

"என் மனைவி ரோஸ்லின். அதோ, தேநீர் ஊத்துறாளே."

ஈனிட் நேராக அந்தப் பெண்மணியிடம் போனாள். சுற்றி முப்பது பேர் இருந்தார்கள். குரலைத் தாழ்த்தவே இல்லை. "அம்மா, உங்க வீட்டுக்காரர் வண்டில அந்த எழுத்து எதுக்கு இருக்குன்னு உங்களுக்குச் சொன்னாரா?"

"அது... நீங்க போட்ட கையெழுத்துன்னு..."

"இது உடையும்னு எழுதி வெச்சேன். ஒண்ணு உடைஞ்சு ஒரு புள்ளை செத்தான். அதுக்கப்புறம் உடையாம இருக்க நான் வெச்சதை இவரு மெனக்கெட்டுத் தேச்சு எடுத்திருக்காரு. உங்களை அதுல உக்கார வெச்சுத்தான் இங்க கூட்டி வந்திருக்காரு."

யாரோ ஒருவர் சிரித்தார். "இதுதான் அசல் ஈனிட்!" என்று இன்னொருவர் கைதட்டினார். நெவிலின் முகம் சிவந்துபோயிற்று. "என்ன பேச்சு இது! நாப்பது மைலுக்கு மேல நான் ஓட்டறதே இல்லையே, ரோஸ்லின்..."

ரோஸ்லின் தேநீர்க் கெண்டியைக் கீழே வைத்தார். கணவனையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு என்னிடம், "உங்க வேன்ல இடம் இருக்கா?" என்று கேட்டார். அவரை நார்விச் ரயில் நிலையத்தில் இறக்கிவிட்டோம். கைப்பைகூட எடுக்காமல் வந்திருந்தார். ஈனிட்தான் டிக்கெட் எடுத்துக் கொடுத்தாள்.

திரும்பும் வழியில் வண்டியை ஓரம் கட்டினேன். "ஈனிட், உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். அந்தப் பையனோட வண்டியை..."

"எரிச்சது நீதான்."

"உனக்குத் தெரியுமா?"

"அன்னிக்குத் துணி காயப்போட்டிருந்தேன். புகை பூரா என் கொடிலதான் வந்து அடைஞ்சது. அது எது எரியற வாடைன்னு எனக்குத் தெரியாதா? வால்டர் சட்டையை மூணு தரம் தொவைச்சும் போகலை." கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடியே பேசினாள். "என்கிட்ட சொல்லி உனக்கு என்ன ஆகணும்? மன்னிக்கணுமா?"

நான் எஞ்சினை அணைத்தேன்.

"அந்தம்மா இன்னும் உயிரோட இருக்காங்க. க்ரோமர்ல. எண்பத்தி மூணு வயசு. போய் அவங்ககிட்ட சொல்லு."

மறுநாள் க்ரோமருக்குப் போனோம். ஈனிட் வேனிலேயே உட்கார்ந்துகொண்டாள். மிஸஸ் சேயர் கதவைத் திறந்து, நான் யார் என்று சொன்னதும் உள்ளே கூப்பிட்டார். தாள் துண்டில் என்ன எழுதியிருந்தது, யார் உத்தரவு, நான் எதை எரித்தேன், எந்த இரண்டு சொல்லைச் சொன்னேன், எல்லாவற்றையும் நின்றபடியே சொன்னேன். அவர் அழவில்லை. கடலில் செத்து ஒதுங்கியது எதையோ பார்ப்பது போல என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை சரியானதுதான்.

"அந்தப் பெண் எங்க?"

"வெளில, வேன்ல இருக்காங்க."

"அவளை வரச்சொல்லுங்க. நீங்க வெளில போங்க."

போய்ச் சொன்னேன். ஈனிட் கோட்டுப் பொத்தான்களைப் போட்டுக்கொண்டு இறங்கினாள். வாசலில் மிஸஸ் சேயர் தன் இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு நின்றார். ஈனிட்டுக்குப் பைக்குள்ளிருந்து கையை எடுக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. கதவு மூடிக்கொண்டது.

ஒன்றரை மணிநேரம் நான் தெருவில் நின்றேன். திரும்பி வந்தவள், "வண்டியை எடு" என்றாள், அவ்வளவுதான். அதன்பின் ஏழு வருடம், தான் சாகும்வரை, மாதத்தில் இரண்டு ஞாயிறு அவள் க்ரோமருக்குப் போனாள். பேருந்தில் போனாள். வேனில் கொண்டுபோய் விடுகிறேன் என்று நான் கேட்டபோதெல்லாம் வேண்டாம் என்றாள்.